பாலைவனம் நகர்ந்து வருதா? புழுதிப் புயலுக்குப் பதில் தேடிய கே.எம். முன்ஷியின் கதை

மயிலாப்பூர் கிழக்கு மாட வீதியில் நடந்து போயிருந்தால் பாரதிய வித்யா பவனைக் கட்டாயம் பார்த்திருப்பீங்க. மார்கழியில் கச்சேரி, மற்ற மாதங்களில் நாட்டியம், உபன்யாசம், புத்தக வெளியீடு என்று எப்போதும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும் இடம். அந்த அமைப்பைத் தொடங்கியவர் கே.எம். முன்ஷி. சென்னையில் பலருக்கு அவரைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான்.

ஆனால் சுதந்திர இந்தியா சோற்றுக்குத் திண்டாடிய நேரத்தில் மத்திய உணவு, விவசாய அமைச்சராக இருந்தவரும் இவர்தான். ஜூலை மாதம் ஸ்கூலில் மரக்கன்று நட்டு போட்டோ எடுத்தோமே, அந்த வன மகோத்சவம் இவர் தேசிய அளவில் தொடங்கி வைத்தது. அதற்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. ராஜஸ்தான் பாலைவனம் கொஞ்சம் கொஞ்சமாக வட இந்திய வயல்களை விழுங்கிக்கொண்டு வருகிறது என்ற பயம்.

அந்தப் பயம் சரியா? நல்லா விளைந்த நிலம் ஏன் புழுதியாகப் பறக்குது? முன்ஷியின் வாழ்க்கை வழியாகவே பார்க்கலாம்.

யார் இந்த முன்ஷி?

கன்னையாலால் மாணிக்லால் முன்ஷி பிறந்தது 1887 டிசம்பர் 30 அன்று, குஜராத்தின் பரூச் நகரில். பரோடா கல்லூரியில் படித்தார். அங்கே அவருக்குப் பேராசிரியராக இருந்தவர், பிற்காலத்தில் புதுச்சேரிக்கு வந்து தங்கிய அரவிந்தர். சட்டம் படித்து, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பெரிய வக்கீலானார். இன்னொரு பக்கம் குஜராத்தி மொழியில் சரித்திர நாவல்கள் எழுதிக் குவித்தார். நம்ம ஊரில் கல்கிக்கு இருக்கும் வாசகர் கூட்டம் மாதிரி, குஜராத்தில் அவருக்கு இருந்தது.

1928 பர்தோலி போராட்டம் அவரை அரசியல் பக்கம் இழுத்தது. 1930 உப்பு சத்தியாகிரகத்தில் சிறை சென்றார். 1937-ல் பம்பாய் மாகாண உள்துறை அமைச்சர். 1938-ல் பாரதிய வித்யா பவனைத் தொடங்கினார். அரசியல் சாசன வரைவுக் குழுவில் உறுப்பினராகவும் இருந்தார். இந்தி ஆட்சிமொழி, ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடரும் என்ற ஏற்பாட்டுக்கு முன்ஷி-அய்யங்கார் திட்டம் என்றே பெயர். அந்த 15 ஆண்டு முடிந்த 1965-ல் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று சொல்லவே வேண்டாம். 1948-ல் ஹைதராபாத் சமஸ்தானத்தில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்ததும், சோம்நாத் கோயிலைத் திரும்பக் கட்டும் பணியில் முன்னின்றதும் அவரை நாடு முழுக்கத் தெரிந்த முகமாக்கின. சிலர் கொண்டாடினார்கள், சிலர் கடுமையாக விமர்சித்தார்கள்.

ஆக, வக்கீல், நாவலாசிரியர், அரசியல்வாதி. இதில் விவசாயி எங்கே? எங்கேயும் இல்லை. ஆனாலும் 1950-ல் நேரு அமைச்சரவையில் உணவு, விவசாயத் துறை அவர் கைக்கு வந்தது.

ஒரே அமைச்சகம், எதிரெதிர் வேலை

அந்த நாற்காலி பஞ்சு மெத்தை இல்லை. பிரிவினையில் மேற்கு பஞ்சாப், சிந்து பகுதிகளின் கால்வாய்ப் பாசன கோதுமை வயல்கள் பாகிஸ்தானுக்குப் போய்விட்டன. ஊரெல்லாம் ரேஷன். 1951-ல் 20 லட்சம் டன் தானியம் வாங்க அமெரிக்காவிடம் 19 கோடி டாலர் கடன் வாங்க வேண்டி வந்தது.

அப்போது அரசின் முழக்கம், அதிக உணவு உற்பத்தி. இரண்டாம் உலகப் போர் காலத்தில் தொடங்கிய இயக்கம் அது. சும்மா கிடக்கும் நிலத்தை உழு, தரிசை உடை, மேய்ச்சல் நிலத்திலும் விதை. மத்திய இந்தியாவில் ஆழமாக வேர்விட்ட புல் மண்டிக் கிடந்த நிலங்களைப் புரட்டிப்போட மத்திய டிராக்டர் அமைப்பு இறக்கப்பட்டது. அதற்கான இயந்திரங்கள் வாங்க 1949-ல் உலக வங்கியே 1 கோடி டாலர் கடன் கொடுத்தது.

பசியில் இருக்கிற நாடு உழாமல் என்ன செய்யும்? நியாயமான கேள்விதான். ஆனால் வறண்ட நாட்டில் புழுதிப் புயலுக்கான முதல் படியும் இதுதான். உழுவதை ஊக்குவித்த அதே அமைச்சகம்தான், மண் போகுதே என்று கவலைப்பட்டு மரம் நடவும் சொல்ல வேண்டியிருந்தது. முன்ஷி மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்.

வயல் எப்படிப் புயலாகுது?

லஸ் கார்னர் பக்கமோ பனகல் பார்க் பக்கமோ ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கும்போது பைக்கில் போயிருக்கீங்களா? தோண்டாத ரோட்டில் அதே காற்று அடிக்கும், கண்ணில் ஒன்றும் விழாது. தோண்டிய இடத்தில் மட்டும் ஹெல்மெட் கண்ணாடியை இறக்க வேண்டியிருக்கும். காற்று ஒன்றுதான், மண் இருக்கும் நிலைதான் வேறு. வயலிலும் அதே கதைதான்.

மண் காற்றில் மூன்று விதமாக நகரும். அரை மில்லிமீட்டருக்கு மேல் உள்ள பெரிய மணல் பறக்காது, தரையில் உருளும். நடுத்தர மணல் தவளை மாதிரி தத்தித் தத்திப் போகும். மாவு மாதிரி நுண்ணிய தூள் மேலே எழுந்து பல நூறு கிலோமீட்டர் பயணிக்கும்.

இதில் வில்லன் நடுவில் இருக்கும் தத்துகிற மணல்தான். நுண்ணிய தூள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடப்பதால் காற்று அதைச் சுலபமாகத் தூக்க முடியாது. தத்துகிற மணல் ஒவ்வொரு முறை தரையில் விழும்போதும் சுத்தியலால் அடித்த மாதிரி அந்தத் தூளை உடைத்துக் கிளப்பிவிடும். ஒரு மணல் பத்தைக் கிளப்பும், பத்து நூறைக் கிளப்பும். காற்று வீசும் திசையில் திறந்த வயல் எவ்வளவு நீளமோ, அவ்வளவு மோசமாகும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தூக்கிச் செல்லக்கூடிய மண் இரண்டு மடங்கு இல்லை, ஏறத்தாழ எட்டு மடங்கு. அதனால்தான் வருஷத்தில் சில நாள் அடிக்கும் பெருங்காற்றே பெரும்பாலான சேதத்தைச் செய்துவிடுகிறது.

இதைத் தடுப்பவை நான்கு: ஈரம், வேர், மண்கட்டி, தரைக்கு மேல் நிற்கும் ஏதோ ஒரு செடி அல்லது தாள். நான்கும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனால் வயல் கிளம்பிவிடும்.

போனால் என்ன, மண்தானே என்று நினைக்க வேண்டாம். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மண் போனாலே சுமார் 4 கன மீட்டர், அதாவது 5 டன்னுக்கு மேல். அதுவும் முதலில் போவது சத்து ஒட்டியிருக்கும் நுண்ணிய பகுதி. மிஞ்சுவது வெறும் மணல். அடுத்த வருஷம் அதில் ஈரமும் நிற்காது, பயிரும் நிற்காது, அதனால் இன்னும் அதிகமாகப் பறக்கும்.

அமெரிக்காவில் 1930-களில் நடந்தது இதுதான். முதல் உலகப் போர் காலத்தில் கோதுமைக்கு நல்ல விலை. புல்வெளிகளை டிராக்டரால் புரட்டினார்கள். அப்புறம் விலை விழுந்தது, மழையும் பொய்த்தது. வேர் இல்லாத மண் கிளம்பியது. 1934 மே மாதப் புழுதி நியூயார்க் வரை போனது. 1935 ஏப்ரல் 14 அன்று பகல் இருட்டானது, அதைக் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள். அதே மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் மண் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1942-க்குள் சுமார் 22 கோடி மரங்களைக் காற்றுத் தடுப்பு வரிசைகளாக நட்டார்கள்.

முன்ஷி பதவிக்கு வந்தபோது இது 15 வருஷத்துக்கு முந்தைய செய்திதான். மரம் என்ற பதில் அவர் முன்னால் தயாராக இருந்தது.

தார் பாலைவனத்தில் என்ன நடந்தது?

சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஜெய்சல்மேரில் 200-க்கும் கீழே. ஆனாலும் தார் வெறும் மணல்மேடு இல்லை. உலகின் ஜனநெருக்கடி மிகுந்த பாலைவனங்களில் அது ஒன்று. கம்பு, பாசிப்பயறு, ஆடு, மாடு, ஒட்டகம் என்று பல தலைமுறையாக மக்கள் வாழும் இடம்.

எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? ஒரு வருஷம் விதைத்தால் சில வருஷம் நிலத்தைச் சும்மா விட்டார்கள். பொது மேய்ச்சல் நிலம் வைத்திருந்தார்கள். முக்கியமாக, வயல் நடுவில் கேஜ்ரி மரத்தை வெட்டாமல், அதைச் சுற்றி உழுதார்கள். கேஜ்ரி என்றதும் ஏதோ வடநாட்டு மரம் என்று நினைக்காதீங்க. நம்ம கோயில்களில் நவராத்திரி சமயம் சுற்றி வரும் வன்னி மரம்தான் அது. 1730-ல் ஜோத்பூர் பக்கம் கேஜட்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட வந்த அரசு ஆட்களைத் தடுத்து, பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த 363 பேர் உயிர்விட்டார்கள். அந்த மரத்தின் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

20-ம் நூற்றாண்டில் இந்த ஏற்பாடு உடையத் தொடங்கியது. மக்கள்தொகை கூடியது, ஆடு மாடு கூடியது. 1952-ல் ராஜஸ்தானில் ஜாகீர்தாரி ஒழிப்புச் சட்டம் வந்தது. உழுதவருக்கு நிலம் கிடைத்தது, அது பெரிய நீதி. ஆனால் அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் பொது மேய்ச்சல் நிலங்களும் பங்கு போடப்பட்டு உழவுக்கு வந்தன. தரிசு விடும் வருஷங்கள் குறைந்தன. பிறகு டிராக்டர் வந்தது. மரத்தைச் சுற்றி உழ மாட்டுக்குத் தெரியும், டிராக்டருக்கு மரம் ஒரு தொந்தரவு. மணல் நிலத்தை வட்டக் கலப்பை புரட்டியதும் மண்கட்டி உடைந்து தூளானது.

காலண்டரையும் பாருங்க. கம்பு அறுவடை அக்டோபரில். நிற்கும் தாளை ஆடு மாடு மேய்ந்துவிடும், மீதி அடுப்புக்குப் போகும். அடுத்த விதைப்பு ஜூன் கடைசியில், மழை வந்த பிறகு. ஆக ஏப்ரல் முதல் ஜூன் வரை நிலம் மொட்டை. தென்மேற்குக் காற்று அடித்து விளாசுவதும் அதே மாதங்களில்தான்.

இதோடு கோடை இடிமழைமேகத்திலிருந்து திடீரென்று கீழே இறங்கும் குளிர்ந்த காற்றும் சேர்ந்தால் வருவதுதான் வட இந்தியாவில் ஆந்தி என்று சொல்லும் புழுதிப் புயல். 2018 மே 2 இரவு ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அடித்த புயல்களில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள், ஞாபகம் இருக்கலாம். காற்றை நாம் உண்டாக்கவில்லை. ஆனால் அந்தக் காற்றுக்கு வயலிலிருந்து எவ்வளவு புழுதி கிடைக்கும் என்பதை நாம் முடிவு செய்கிறோம்.

முன்ஷி செய்தது என்ன?

அவர் இலக்கியவாதி. புள்ளிவிவரத்தை விட, ஒரு திருவிழாவை மக்கள் சுலபமாக எடுத்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும். 1947 ஜூலையில் டெல்லியில் ஒரு மரம் நடும் வாரம் நடந்திருந்தது. அதை 1950 ஜூலையில் வன மகோத்சவம் என்று நாடு தழுவிய விழாவாக மாற்றினார். பள்ளிக்கூடம், கலெக்டர் ஆபீஸ், ரயில்வே ஸ்டேஷன் என்று எல்லா இடத்திலும் குழி வெட்டினார்கள்.

அது மட்டுமில்லை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கித் திரும்பும் சுற்று, மண்ணிலிருந்து எடுத்த சத்து மண்ணுக்கே திரும்பும் சுற்று, இந்த இரண்டையும் கிராமம் கிராமமாகச் சரிசெய்ய வேண்டும் என்று விவசாய அதிகாரிகளிடம் தொடர்ந்து பேசினார். உரம், விதை, டிராக்டர் என்று மட்டுமே பேசிய காலத்தில் இது புதுக் குரல். 1952-ல் புதிய தேசிய வனக் கொள்கை வந்தது. நாட்டின் மொத்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காடாக இருக்க வேண்டும் என்ற இலக்கு, இன்றும் நாம் பேசுவது, அந்தக் கொள்கையில் உள்ளதுதான்.

பாலைவனப் பயத்தின் நேரடி விளைவு ஒன்றும் உண்டு. 1952-ல் ஜோத்பூரில் பாலைவனக் காடு வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. யுனெஸ்கோவின் ஆலோசனையோடு 1959-ல் அது மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது.

எங்கே தவறியது?

முதல் ஐந்தாண்டுத் திட்ட ஆவணத்தில் ஒரு கணக்கு இருந்தது. பாலைவனம் 50 ஆண்டுகளாக வருஷத்துக்கு அரை மைல் வீதம், ஆக்ரா தாண்டி அலிகர் திசையில் விரிகிறது, ஆண்டுக்கு 50 சதுர மைல் வளமான நிலம் போகிறது என்று. அதாவது வருஷத்துக்கு 130 சதுர கிலோமீட்டர். கேட்டாலே பகீர் என்கிறது, இல்லையா?

ஆனால் விஞ்ஞானிகளில் பலர் இதை ஏற்கவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளும், பாலைவனம் ஒரு படை மாதிரி அணிவகுத்து வருகிறது என்ற சித்திரத்தை உறுதி செய்யவில்லை. நடப்பது வேறு. எல்லையில் இருந்து மணல் கிளம்பி வந்து வயலை மூடுவதை விட, வயலே இருந்த இடத்தில் சீரழிந்து மணலாவதுதான் அதிகம். பாலைவனம் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயே உருவாகிறது.

இது வெறும் வார்த்தை வித்தியாசம் இல்லை. எதிரி வெளியிலிருந்து வருகிறான் என்றால் எல்லையில் மரச்சுவர் கட்டினால் போதும். வயலுக்குள்ளேயே உருவாகிறது என்றால் உழவு, மேய்ச்சல், தரிசு என எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். சுவர் கட்டுவது அரசுக்குச் சுலபம். இரண்டாவது வேலைக்கு ஒவ்வொரு விவசாயியின் வயிற்றுப்பாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

வன மகோத்சவமும் கேலிக்குத் தப்பவில்லை. நட்டது எத்தனை, பிழைத்தது எத்தனை என்ற கேள்வி அன்றே எழுந்தது. இன்றும் அதே குழியில் மறுபடி கன்று நடுவதைப் பார்க்கிறோம்.

மரத் தேர்விலும் சிக்கல். மணலைப் பிடித்து நிறுத்த வேகமாக வளரும் மரம் தேவைப்பட்டது. முன்ஷிக்கு முன்பே, 1940-ல், ஜோத்பூர் சமஸ்தானம் ஒரு வெளிநாட்டு மரத்துக்கு அரச மரியாதை கொடுத்துப் பாதுகாத்தது. 1877-ல் அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் கடப்பா பக்கம் விதைக்கப்பட்ட அதே இனம், நம்ம ராமநாதபுரம் வரை பரவிக் கிடக்கும் சீமைக் கருவேலம்! மணலை நிறுத்தியது, ஏழைகளுக்கு விறகும் கொடுத்தது, உண்மை. ஆனால் மேய்ச்சல் நிலத்தையும் கண்மாயையும் விழுங்கியது. ஏதோ ஒரு மரம் நட்டால் போதாது, எந்த மரம் என்பதும் முக்கியம் என்று காட்டிய பாடம் இது.

ஜோத்பூர் கண்டுபிடித்த பதில்

விழாவை விட ஓசையில்லாமல் நடந்த ஆராய்ச்சிதான் அதிகம் பலன் தந்தது. ஓடும் மணல்மேட்டில் நேரடியாக மரம் நட்டால் மணலே கன்றை மூடிவிடும். அதனால் முதலில் ஆடு மாடு வராமல் வேலி. அடுத்து, உள்ளூர்ப் புதர்க் குச்சிகளைக் காற்றுக்குக் குறுக்கே சில மீட்டர் இடைவெளியில் வரிசை வரிசையாக ஊன்றுவார்கள். தரையோடு காற்று வேகம் குறைந்ததும் அந்த இடைவெளியில் புல் விதை, பிறகு மரக்கன்று.

வயலுக்கு வேறு வைத்தியம். அறுக்கும்போது தாளைக் கொஞ்சம் உயரமாக விட்டு அறுப்பது. பயிருக்கு நடுவே காற்றுக்குக் குறுக்கே புல் பட்டைகள் விடுவது. மணல் நிலத்தை அதிகம் புரட்டாமல் இருப்பது. வயல் ஓரத்தில் மர வரிசை வைத்தால், அதன் உயரத்தைப் போல 10 மடங்குக்கும் மேல் தூரத்துக்கு காற்று அடங்கும்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசா?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அடிக்கும் காங்கேயம், தாராபுரம் பக்கம் கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலங்கள் உண்டு. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். ஜோத்பூர் நிறுவனம் பரிந்துரைக்கும் புற்களில் அதே கொழுக்கட்டைப் புல்லும் ஒன்று. வேலி, மரம், புல் மூன்றும் நம்ம விவசாயிகள் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த விஷயம். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் செந்நிறத் தேரி மணலைப் பிடித்து வைத்திருப்பதில் பனைக்கும் உடை மரத்துக்கும் பங்கு உண்டு. கொரங்காட்டை பிளாட் போட்டாலோ, பனையை வெட்டினாலோ, நாம் இழப்பது மரம் மட்டும் இல்லை.

கடைசி ஆண்டுகள்

1952-ல் முன்ஷி உத்தரப் பிரதேச ஆளுநரானார், 1957 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1959-ல் ராஜாஜி சுதந்திரா கட்சியைத் தொடங்கியபோது காங்கிரஸை விட்டு அவரோடு சேர்ந்தார். இருவருக்கும் நட்பு பழையது. ராஜாஜியின் மகாபாரதத்தை ஆங்கிலத்தில் வீடு வீடாகக் கொண்டு போனது முன்ஷியின் பவன்தான். 1964-ல் விஸ்வ ஹிந்து பரிஷத் தொடங்கியவர்களிலும் அவர் இருந்தார். 1971 பிப்ரவரி 8 அன்று காலமானார். பசுமைப் புரட்சிக்கு வழிபோட்ட நம்ம ஊர் சி. சுப்பிரமணியம் பிற்காலத்தில் பவனின் தலைவராக இருந்தார். உணவுத் துறையைச் சுமந்த இரண்டு பேர், ஒரே அமைப்பு.

முன்ஷி கேள்வியைச் சரியாகப் பிடித்தார், பதிலில் பாதியைச் சொன்னார். மரம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் புழுதிப் புயலை நிறுத்துவது மரம் மட்டும் இல்லை. காற்று அடிக்கும் மாதத்தில் தரை மொட்டையாகக் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த மாதங்களில் தாளை விட்டுவைக்கும் விவசாயிக்கு மாட்டுத் தீவனத்துக்கும் அடுப்புக்கும் மாற்று வழி கொடுப்பது யார் என்பதுதான் 1950-ல் விட்டுப்போன கேள்வி. இன்னும் அது மிச்சம் இருக்கிறது.

அடுத்த முறை கிழக்கு மாட வீதியில் கச்சேரி முடிந்து வெளியே வரும்போது, கபாலீஸ்வரர் கோயில் பக்கமிருந்து காற்று வீசினால், ஒரு நிமிஷம் இவரையும் நினைச்சுக்கோங்க.